நாலு விரல்

எதிர்வீட்டுப் பையன் இன்ஜினியரிங் மூன்றாம் வருடம் படிக்கிறான். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் நான் காரைக் கழுவிக்கொண்டிருந்தபோது கேட்டைத் திறந்துகொண்டு வந்தான். என்னை ஒரு வார்த்தை விசாரிக்கவில்லை. நேராகப் போய்ப் பின்சக்கரத்தின் பக்கத்தில் குத்தவைத்து உட்கார்ந்தான். டயருக்கும் அதன் மேலே வளைந்திருக்கும் தகரத்துக்கும் நடுவில் கையைச் செருகினான். முதலில் ஆள்காட்டி விரல், அப்புறம் நடுவிரல், அப்புறம் மோதிர விரல், கடைசியில் சுண்டுவிரல்.

“நாலு விரல் தாராளமாப் போகுது அங்கிள்” என்றான். எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தபடி டாக்டர் பேசுவாரே, அந்தக் குரல்.

“போனா என்னப்பா?”

“லாரி மாதிரி நிக்குதுங் அங்கிள். ரெண்டு விரல்தான் இருக்கோணும்.”

ஏழு வருடமாக அந்தக் காரை ஓட்டுகிறேன். அப்படியொரு சந்து இருப்பது அதுவரை என் கண்ணில் பட்டதே இல்லை. அன்றிலிருந்து வேறெதுவும் கண்ணில் படவில்லை. கல்யாண மண்டபத்து வாசலில் பன்னீர் தெளிக்க நிறுத்திவைத்தால், வருகிறவர்களை விட்டுவிட்டு அவர்களுடைய சக்கரங்களைப் பார்த்தேன். மாப்பிள்ளை வந்து இறங்கிய காருக்கு மூன்றரை விரல். பெண் வீட்டார் நல்ல இடம்தான் பார்த்திருக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

கோயமுத்தூரில் இருந்துகொண்டு இதையெல்லாம் அலட்சியம் செய்யவும் முடியாது. மாருதி 800 எஞ்சினை வைத்து ஒற்றை இருக்கைப் பந்தயக் கார் கட்டிய கரிவர்தன் இந்த ஊர்க்காரர். அவர் பெயரில் செட்டிபாளையத்தில் பந்தயத் தளமே இருக்கிறது. 2005இல் இந்தியாவிலிருந்து முதல் ஆளாக ஃபார்முலா ஒன் பந்தயத்தில் இறங்கிய நரேன் கார்த்திகேயன் இங்கே வளர்ந்தவர். இப்பேர்ப்பட்ட ஊரில் நாலு விரல் சந்தோடு கார் ஓட்டுவது, மதுரைப் பூமார்க்கெட்டில் மூக்கைப் பொத்திக்கொண்டு நிற்பது மாதிரி. நான் செட்டிபாளையம் பக்கம் போனது இதுவரை ஒரே தடவை, அதுவும் ஒரு காதுகுத்துக்கு என்பதை இந்த இடத்தில் சொல்லாமல் விட்டுவிடலாம்.

வீட்டில் எப்படி ஆரம்பிப்பது என்று மூன்று நாள் யோசித்தேன். நான்காம் நாள் காபி குடிக்கும்போது, “காரை இறக்கலாம்னு இருக்கேன்” என்றேன்.

“எங்கிருந்துங்க?” என்றாள் மனைவி.

விளக்கினேன். அவள் முகத்தில் எந்த மாற்றமும் வராததைக் கண்டு கடைசி அஸ்திரத்தை எடுத்தேன். “அம்மாவுக்கு முழங்கால் வலி. கார் தாழ்வா இருந்தா ஏறச் சுலபமா இருக்குமில்ல?” அம்மாவுக்காக என்று சொல்லி நான் வாங்கிய பொருட்களின் பட்டியல் எங்கள் வீட்டில் பிரசித்தம். அதில் கடைசியாக வந்தது காலை அமுக்கிவிடும் மெஷின். அதன்மேல் இப்போது மடித்த துணி இருக்கிறது.

முதலில் போன இடத்தில் ஒரு தம்பி அரை நிமிடத்தில் முடிவு சொன்னான். “ஸ்பிரிங்ல ஒன்றரைச் சுத்து கட் பண்ணீரலாமுங்ணா. ஆயிரத்தி ஐந்நூறு ரூவா. மத்தியானம் வந்து வண்டிய எடுத்துக்குங்க.” ஆயிரத்து ஐந்நூறு என்றதும் என் மனம் துள்ளியது. நல்லவேளையாக அன்று மத்தியானம் எனக்கு ஆபீஸில் ஆடிட்.

இரண்டாவது, சிங்காநல்லூர் பக்கம் ஒரு பழைய பட்டறை. அங்கே இருக்கும் பெரியவர் நாற்பது வருடமாக கார்களுக்கு அடியில் வாழ்கிறவர். ஸ்பிரிங்கை வெட்டுவது பற்றிக் கேட்டதும் எழுந்துபோய் மூலையிலிருந்து ஒரு பழைய காயில் ஸ்பிரிங்கை எடுத்துவந்து என் மடியில் வைத்தார். வேட்டியில் கிரீஸ்.

“எண்ணுங்க சார். ஆறு சுத்து இருக்குதுங்களா? ஒண்ண வெட்டினா அஞ்சு. கம்பி அதே கம்பிதான். சுமக்கறதுக்கு ஆறு பேரு இருந்த இடத்துல அஞ்சு பேரு ஆனா, ஒவ்வொருத்தனும் விறைச்சுக்குவான்.” கணக்கும் அதுதான். ஆறில் ஒன்றைக் கழித்தால் ஸ்பிரிங்கின் விறைப்பு 20 சதவீதம் கூடும். “அது போகட்டும். கடைசிச் சுத்து உக்கார்றதுக்குன்னு கீழ ஒரு தட்டு இருக்குது. வெட்டின முனை அதுல ஒழுங்கா உக்காராது. குழியில சக்கரம் தொங்குச்சுன்னா ஸ்பிரிங் தளர்ந்து இடம் மாறிக்கும். கேஸ் வெச்சு வெட்டியிருந்தா டெம்பர் போயி எங்க வேணா ஒடியும். உங்க வீட்டு ஆளுங்கதான உள்ள உக்கார்றாங்க?”

வெட்டாமல், குட்டையாகவே செய்த ஸ்பிரிங் வாங்கிப் போடலாம் என்றார். 25 மில்லிமீட்டர் இறங்கும். அந்த விறைப்புக்குத் தோதான ஷாக் அப்சார்பரையும் கூடவே மாற்ற வேண்டும். அதற்கு மேலே இறக்க வேண்டாம்.

“எத்தனை விரல் வரும்?” என்றேன்.

அவர் தன் விரல்களைப் பார்த்துவிட்டு, “ரெண்டே முக்கால்” என்றார்.

அந்த முக்கால் என்னை உறுத்தியது. ரெண்டே முக்கால் விரலோடு எதிர்வீட்டுப் பையன் முகத்தில் எப்படி முழிப்பது? 50 மில்லிமீட்டர் இறக்கும் ஸ்பிரிங்கும் விற்கிறார்கள். விலை வித்தியாசம் ஒன்றுமில்லை. ஒரே காசுக்கு இரண்டு மடங்கு இறக்கம் கிடைக்கும்போது பாதியை எவனாவது வாங்குவானா? துணிக்கடையில் அப்படித்தானே பார்த்து வளர்ந்திருக்கிறோம். ஷாக் அப்சார்பர் பழையதே நன்றாகத்தான் இருந்தது. அதில் பதினெட்டாயிரம் மிச்சம். பெரியவர் செய்ய மறுத்துவிட்டார். முதல் பட்டறைத் தம்பி மறுக்கவில்லை.

கார் வந்து நின்றபோது, சொன்னால் நம்ப மாட்டீர்கள், அழகாகத்தான் இருந்தது. ஒன்றரை விரல். பதுங்கிய பூனை மாதிரி போர்ட்டிகோவில் படுத்திருந்தது. எதிர்வீட்டுப் பையன் போட்டோ எடுத்தான். அந்த மகிழ்ச்சி மறுநாள் காலை பால்காரர் வரும்வரை நீடித்தது. “ஏனுங் சார், நாலு டயர்லயும் காத்தில்லீங்களே?” பெட்ரோல் பங்க்கில் காற்றுப் பிடிக்கும் பையன் நான் கூப்பிடாமலே குழாயை இழுத்துக்கொண்டு ஓடிவந்தான்.

அம்மா ஏறிப் பார்த்தாள். “ஏறுறது சுலபமாத்தான் இருக்குது கண்ணு” என்றாள். இறங்கும்போதுதான் விஷயம் தெரிந்தது. தாழ்ந்த இருக்கையிலிருந்து எழுந்திருப்பது முழங்காலுக்கு எத்தனை பாடு என்பது முழங்கால் வலி உள்ளவர்களுக்குத் தெரியும். நானும் என் மகனும் ஆளுக்கொரு பக்கம் பிடித்துத் தூக்கினோம். “கிணத்துல இருந்து எடுக்கற மாதிரி எடுக்கறீங்களே” என்று அம்மா சிரித்தாள். அந்தப் பட்டியலில் இன்னொரு பொருள் சேர்ந்தது.

எங்கள் தெருமுனையில் ஒரு வேகத்தடை இருக்கிறது. யார் போட்டது என்று யாருக்கும் தெரியாது. ஒரு ராத்திரியில் முளைத்தது. இந்தியச் சாலைப் பேரவை வேகத்தடைக்கு ஓர் அளவு வைத்திருக்கிறது: அகலம் 3.7 மீட்டர், உயரம் 10 சென்டிமீட்டர், வளைவின் ஆரம் 17 மீட்டர். மணிக்கு 25 கிலோமீட்டரில் ஏறி இறங்கலாம். எங்கள் காரின் முன்சக்கரத்துக்கும் பின்சக்கரத்துக்கும் இடையே 2.45 மீட்டர். அந்த நீளத்துக்குள் இப்படிப்பட்ட மேடு நடுவில் எழும்புவது நாலரை சென்டிமீட்டர்கூட இல்லை. நோட்டுப் புத்தகத்தில் வட்டம் போட்டுப் பார்த்தேன். என் காரோ தரையிலிருந்து 17 சென்டிமீட்டர் உயரத்தில் பிறந்தது. 5 போனால் 12. குடும்பத்தோடு உட்கார்ந்தால் இன்னும் 4 அமுங்கும். மிச்சம் 8. ஆக விதிப்படி போட்ட வேகத்தடை என்றால் நான் ராஜா மாதிரி போகலாம்.

ஒருநாள் விடிகாலையில் டேப்பை எடுத்துக்கொண்டு போய்த் தெருமுனை வேகத்தடையை அளந்தேன். உயரம் 16 சென்டிமீட்டர். அகலம் அரை மீட்டர். அதற்குப் பெயர் வேகத்தடை இல்லை, திண்ணை. நான் மண்டியிட்டு அளப்பதைப் பார்த்து நடைப்பயிற்சிக்கு வந்த இருவர் நின்றார்கள். “கார்ப்பரேஷனுங்களா? அப்படியே எங்க வீதிக்கும் ஒண்ணு போட்டுக் குடுத்துருங்க சார்” என்றார் ஒருவர்.

அமெரிக்காவில் கலிபோர்னியாக்காரர்களுக்கு இதே பிரச்சினை வந்தது. அங்கே காரைத் தரையோடு தரையாக இறக்கி மெதுவாக உலா போவது மெக்சிகோ வம்சாவளி இளைஞர்களிடையே ஒரு கலை. சக்கரத்தின் இரும்பு வளையத்துக்குக் கீழே காரின் எந்தப் பாகமும் தொங்கக் கூடாது என்று 1958இல் சட்டம் வந்தது. மறு வருடமே ரான் அகிரே என்பவர் தன் கார்வெட் காரில் ஹைட்ராலிக் பம்புகளைப் பொருத்திவிட்டார். போலீஸ் வந்தால் ஸ்விட்சைத் தட்டினால் போதும், கார் எழும்பும். போலீஸ் போனதும் மறுபடி படுத்துக்கொள்ளும்.

எங்கள் காரிலும் ஹைட்ராலிக்ஸ் உண்டு. அதன் பெயர் குடும்பம். தெருமுனை வந்ததும் நான் காரை நிறுத்துவேன். மனைவி, மகன், மாமியார் மூன்று பேரும் இறங்குவார்கள். கார் எழும்பும். நான் ஸ்டியரிங்கை ஒடித்து, ஒவ்வொரு சக்கரமாக ஏறும்படி குறுக்காகத் தாண்டுவேன். பின்னால் வருகிற ஆட்டோக்காரர் நான் யூ டர்ன் போடுகிறேன் என்று நினைத்து வாழ்த்துவார். அந்தப் பக்கம் போய் நின்றதும் மூவரும் நடந்து வந்து ஏறுவார்கள். கார் படுக்கும். எங்கள் வீட்டிலிருந்து அவினாசி ரோட்டுக்குள் இப்படி ஐந்து இடம். பட்டுப்புடவையும் மல்லிகைப்பூவுமாக அத்தை மூன்றாவது மேட்டைக் கால்நடையாகக் கடந்துகொண்டிருந்தபோது ஒரு தெரிந்த அம்மாள், “என்னக்கா, வேண்டுதலுங்களா?” என்று கேட்டுவிட்டாள். அத்தை அதற்குப் பிறகு பஸ்ஸில்தான் வருகிறார்.

ஆயுத பூஜை மறுநாள் இன்னொன்று. தொழில் ஊர் என்பதால் ஒவ்வொரு பட்டறை வாசலிலும் பூசணிக்காய் உடைப்பார்கள். சாதாரணக் கார் அதன்மேல் தாண்டிப் போய்விடும். என் கார் அரைப் பூசணியை முன்பம்பருக்கு அடியில் கவ்விக்கொண்டு, குங்குமமும் ஒரு ரூபாய்க் காசுமாக அப்படியே வீட்டு வாசலுக்கு இழுத்து வந்துவிட்டது. மனைவி குனிந்து பார்த்தாள். “ஊரெல்லாம் கழிச்ச திருஷ்டிய நம்மூட்டுக்குக் கூட்டிட்டு வந்துட்டீங்க” என்றாள். அதற்கு என்னிடம் பதில் இல்லை.

இதையெல்லாம் தாங்கிக்கொண்டிருப்பேன். என்னைக் கவிழ்த்தது ரசம்.

பீளமேட்டிலிருக்கும் நாத்தனார் வீட்டுக்கு மனைவி தூக்குப்போசியில் ரசம் எடுத்து வந்தாள். வழக்கமாகக் காலுக்கிடையில் வைத்துக்கொள்வாள், சொட்டுச் சிந்தாது. அன்றைக்குப் பாதி வழியிலேயே மூடி எழும்பியது. நடந்தது என்னவென்று பிறகு புரிந்தது. ஸ்பிரிங் தூக்கிப்போடும், ஷாக் அப்சார்பர் அந்தத் துள்ளலை அடக்கும். இருவரும் ஜோடியாக வேலை செய்ய வேண்டியவர்கள். விறைப்பான புது ஸ்பிரிங்கை அடக்கப் பழைய ஷாக் அப்சார்பருக்குத் தெம்பு போதவில்லை. ஒரு குழியில் இறங்கினால் கார் மூன்று தடவை தலையாட்டும். அதோடு, காரை இறக்கியதால் சக்கரம் மேலே வருவதற்கு இருந்த இடத்தில் 5 சென்டிமீட்டர் காணாமல் போயிருந்தது. கொஞ்சம் பெரிய குழி என்றால் உள்ளே இருக்கும் ரப்பர் கட்டையில் போய் ‘டொப்’பென்று முட்டும். அந்த நேரத்தில் காருக்கு ஸ்பிரிங் கிடையாது. நம் முதுகெலும்புதான் ஸ்பிரிங். ஹோப் காலேஜ் தாண்டியபோது அப்படி ஒன்று முட்டியது. ரசம் போசியை விட்டு எழுந்து, ஒரு கணம் அந்தரத்தில் நின்று, மிதியடி முழுக்க இறங்கியது. பெருங்காய வாசனை இன்றும், மழை நாளில், ஏசி போட்டால் வரும்.

ஆறாயிரம் கிலோமீட்டரில் முன்டயர்களின் உள்பக்கம் மொட்டை. வெளியே நின்று பார்த்தால் புது டயர் மாதிரி பட்டன் பட்டனாக இருக்கும். ஸ்டியரிங்கை ஒடித்துவிட்டுக் குனிந்து பார்த்தால் உள்விளிம்பில் நூல் தெரிந்தது. வெட்கத்தை விட்டுப் பெரியவரிடமே போனேன்.

அவர் திட்டவில்லை. கார் முன்னால் நின்று இரண்டு கைகளையும் பக்கவாட்டில் சிறகு மாதிரி விரித்தார். “இதுதானுங் லோயர் ஆர்ம். உள்முனை பாடியில, வெளிமுனை சக்கரத்துல. கம்பெனிக்காரன் வெளிமுனையக் கொஞ்சம் கீழ வெச்சு அனுப்பறான். இருபத்தஞ்சு இறக்கினா ஏறக்குறைய நேராயிரும்.” கைகளைத் தோள்மட்டத்துக்குக் கொண்டுவந்தார். “நீங்க அம்பது இறக்கினீங்க.” கைகள் மேலே போயின. போலீஸ் துப்பாக்கியைக் காட்டினால் நிற்பது மாதிரி இருந்தது. “சக்கரத்தோட தலை உள்பக்கம் சாஞ்சிரும். அது கேம்பர். பாதம் திசை மாறிக்கும். அது டோ. ரெண்டும் சேந்து உள்பக்க ரப்பரத் தின்னுரும். அதுவும் டோ தான் பெரிய தீனிக்காரன்.”

“வளைவில் நன்றாகப் பிடிக்குமே?” என்றேன், விடாமல்.

அதற்கும் பதில் வைத்திருந்தார். பந்தயக் காரை இறக்குவது அதன் பாரம் தரையோடு நெருங்கி, திருப்பத்தில் ஒரு பக்கமாகச் சாயாமல் இருக்க. என் காரின் புவியீர்ப்பு மையம் தரையிலிருந்து அரை மீட்டருக்கு மேலே இருக்கிறது. 25 மில்லிமீட்டர் என்பது அதில் 5 சதவீதம்கூட வராது. 50 இறக்கினால் அந்த லாபமும் கைக்கு வராது, ஏனென்றால் கைகள் மேலே போனால் கார் எந்தப் புள்ளியைச் சுற்றிச் சாய்கிறதோ, அது பாரத்தைவிட வேகமாகக் கீழே இறங்கிவிடும். கார் முன்னைவிட அதிகமாகச் சாயப் பார்க்கும். சொல்லி முடித்துவிட்டு, “பந்தயக் காருக்குத் தார் மெழுகுன மாதிரி ரோடு. ஒருத்தன்தான் உக்கார்றான். ரசம் எடுத்துட்டுப் போறதில்ல” என்றார். ரசம் பற்றி அவரிடம் யார் சொன்னது என்று எனக்குத் தெரியவில்லை.

இந்தத் தடவை அவர் சொன்னபடி செய்தேன். 25 மில்லிமீட்டர் ஸ்பிரிங், அதற்கென்றே செய்த ஷாக் அப்சார்பர். பட்டறையில் நின்று வேடிக்கை பார்த்தபோது ஒரு விஷயம் கவனித்தேன். லோயர் ஆர்மின் போல்ட்டுகளை, கார் லிப்ட்டில் தொங்கும்போது அவர் முழுக்க முடுக்கவில்லை. காரைத் தரையில் இறக்கி, நாலு சக்கரத்தில் அதன் பாரம் உட்கார்ந்த பிறகு, பள்ளத்தில் இறங்கித்தான் கடைசி முடுக்கு முடுக்கினார். தொங்கும்போது முடுக்கினால் உள்ளே இருக்கும் ரப்பர் புஷ் முறுக்கிக்கொண்டே கிடந்து சீக்கிரம் கிழிந்துவிடுமாம். இரண்டு வாரம் ஓட்டி ஸ்பிரிங் படிந்த பிறகு வரச் சொல்லி, அப்போதுதான் அலைன்மென்ட்டும் ஹெட்லைட் மட்டமும் பார்த்தார். செய்த மாற்றத்தை இன்சூரன்ஸுக்கு எழுதிக் கொடுக்கச் சொன்னார். கொடுத்தேன். மோட்டார் வாகனச் சட்டம் 52ஆம் பிரிவு, ஆர்.சி.யில் இருக்கும் விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்கிறது என்பதைப் படித்துவிட்டு, ஒரு வாரம் டிராபிக் போலீஸுக்கெல்லாம் வணக்கம் வைத்தேன்.

பிறகு பரீட்சை. மனைவி தூக்குப்போசி நிறைய ரசத்தோடு ஏறினாள். பீளமேடு வரை யாரும் பேசவில்லை. குழிகளில் கார் ஒரு தடவை இறங்கி, ஒரு தடவை எழுந்து, அமைதியானது. நாத்தனார் வீட்டு வாசலில் மூடியைத் திறந்து பார்த்தாள். விளிம்பில் இரண்டு சொட்டு. “பரவால்ல” என்றாள். எங்கள் வீட்டில் அது முதல் வகுப்பு. தெருமுனைத் திண்ணையைக் குடும்பத்தோடு, குறுக்காக, ஆமை வேகத்தில், முட்டாமல் தாண்டினோம். அத்தையிடம் தகவல் சொல்லியிருக்கிறோம்.

அன்று ராத்திரி மனைவி கணக்கு எழுதினாள். இரண்டு செட் ஸ்பிரிங், ஷாக் அப்சார்பர், கூலி, முன்டயர் இரண்டு, மிதியடி. மொத்தம் 78,000. 25ஆல் வகுத்தாள். “ஒரு மில்லிமீட்டர் மூவாயிரத்து நூத்தி இருவது ரூவாய்ங்க. தங்கங்கூட கிராமுலதான் விக்கறாங்க.” இத்தனைக்கும் காரைப் பார்த்து பால்காரர் ஒன்றும் சொல்வதில்லை. காற்றுப் பிடிக்கும் பையன் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. எதிர்வீட்டுப் பையன் ஒரு நாள், “எப்ப அங்கிள் ஏத்துனீங்க?” என்று கேட்டான்.

கதை இங்கேயே முடிந்திருக்கும். போன மாதம் எங்கள் தெருவுக்குப் புது ரோடு போட்டார்கள். பழைய ரோட்டைச் சுரண்டவில்லை, அதன் மேலேயே போட்டுவிட்டார்கள். தெருமுனைத் திண்ணை பாதி புதைந்து, கிட்டத்தட்ட விதிப்படியான மேடாகிவிட்டது. ஒன்பது நாள் காரணமே இல்லாமல் கடைக்குப் போய்வந்தேன். பத்தாம் நாள் காலையில் அதே இடத்தில் புதுத் திண்ணை முளைத்திருந்தது.

அதைப் பார்த்துவிட்டுச் சோர்ந்து வீடு திரும்பினேன். மனைவி வாசலில் குத்தவைத்து உட்கார்ந்திருந்தாள். கோலம் போடுகிறாள் என்று நினைத்தேன். ரோட்டு மட்டத்துக்கும் எங்கள் வாசற்படிக்கும் நடுவே கையை வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். வீடு கட்டியபோது அங்கே மூன்று படி இருந்தது.

“நாலு விரல் இருக்குதுங்க” என்றாள். “இதையும் ரெண்டாக்கோணும்ங்களா?”